பழைய வீடு வாங்கும் முன்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தாம்பரம் பக்கத்தில் 22 வருடமாகக் கட்டட வேலை பார்க்கிறேன். "ஒரு பழைய வீடு பார்த்திருக்கோம், ஒரு தடவை வந்து பாருங்களேன்" என்று சொந்தக்காரர்களும் தெரிந்தவர்களும் கூப்பிடாத மாதமே இல்லை. கேட்கிற சந்தேகங்கள் ஏறக்குறைய ஒன்றுதான். போனில் திரும்பத் திரும்பச் சொன்னதை இங்கே எழுதி வைக்கிறேன். கேள்விகளை அவர்கள் கேட்ட மாதிரியே விட்டிருக்கிறேன். பத்திரம், பட்டா, வில்லங்கம் எல்லாம் வக்கீல் பார்க்க வேண்டியவை. இங்கே வீட்டின் உடம்பைப் பற்றி மட்டும்.

"புதுசா பெயிண்ட் அடிச்சுப் பளபளன்னு இருக்கு. இதுக்கு மேல என்ன சார் பார்க்கணும்?"

பெயிண்டுக்குப் பின்னால் இருப்பதைப் பார்க்க வேண்டும். விற்பதற்கு முன் பெயிண்ட் அடிப்பது வழக்கம்தான், அதில் தப்பில்லை. ஆனால் வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஒரே ஒரு மூலையில் மட்டும் புதுசு என்றால் அங்கே உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். மற்ற சுவரை விடச் சில்லென்று இருந்தால் உள்ளே ஈரம் இருக்கிறது.

நம் ஊர் வீடுகளைக் கெடுப்பது பெரும்பாலும் தண்ணீர். மேலே மழையாக வருகிறது, கீழே ஓதமாக ஏறுகிறது, நடுவில் பாத்ரூம் குழாயிலிருந்து கசிகிறது. வீட்டுக்குள் நுழைந்ததும் தண்ணீர் எந்த வழியாக வந்தது, எங்கே போய் நின்றது என்றுதான் முதலில் தேடுவேன். கீழே உள்ள பதில்களில் பாதி அதைப் பற்றியவை.

"இன்ஜினியரைக் கூட்டிட்டு வர்றதுக்கு முன்னாடி நாங்களே ஏதாவது பார்க்க முடியுமா?"

தாராளமாக. பகலில் போங்கள். ஒரு டார்ச், சின்ன சுத்தியல், ஸ்க்ரூடிரைவர், ஒரு கோலிக்குண்டு போதும். டார்ச்சைச் சுவருக்கு நேராக அடிக்காமல் சுவரோடு ஒட்டிப் பக்கவாட்டில் அடியுங்கள். கண்ணுக்குத் தெரியாத உப்பலும் ஒட்டுப்போட்ட இடமும் நிழல் கட்டித் தெரியும். கோலிக்குண்டைத் தரையில் விட்டுப் பாருங்கள். பாத்ரூம், பால்கனிப் பக்கம் உருண்டால் அது வாட்டத்துக்காக வைத்த சரிவு. எல்லா அறையிலும் வீட்டின் ஒரே மூலையை நோக்கி உருண்டு, அந்த மூலையில் விரிசலும் இருந்தால் அஸ்திவாரத்தைச் சந்தேகப்பட வேண்டும்.

ஒவ்வொரு கதவையும் ஜன்னலையும் திறந்து மூடுங்கள். மழைக்காலத்தில் மரம் ஊறி இறுகுவது சாதாரணம். நிலைக்கும் கதவுக்கும் நடுவில் உள்ள இடைவெளி ஒரு பக்கம் விரல் நுழையும் அளவு, மறு பக்கம் காகிதம்கூட நுழையாது என்றால் நிலை சாய்ந்திருக்கிறது. லாஃப்ட், மாடிப்படிக்கு அடியில், பீரோவுக்குப் பின்னால் என்று யாரும் பார்க்காத இடங்களைப் பாருங்கள். பீரோவைக் கொஞ்சம் நகர்த்தச் சொல்லிக் கேட்கக் கூச்சப்படாதீர்கள். கொடுக்கப்போவது வாழ்நாள் சேமிப்பு.

"சுவர்ல விரிசல் இருக்கு. வாங்கலாமா, வேண்டாமா?"

விரிசல் எங்கே, எந்தப் பக்கம் ஓடுகிறது, எவ்வளவு அகலம், இன்னும் வளர்கிறதா என்று நான்கையும் பார்க்காமல் பதில் சொல்ல முடியாது. சிலந்திவலை மாதிரி மெல்லிசாகப் பரவியிருந்தால் பூச்சு சரியாகத் தண்ணீர் ஊற்றி ஆறவிடாததால் வந்தது, பயம் இல்லை. பீமுக்கும் செங்கல் சுவருக்கும் நடுவில் நேர்கோடாக ஓடுவதும் பெரும்பாலும் அப்படித்தான். கான்கிரீட்டும் செங்கல்லும் வெயிலுக்கு ஒரே அளவாக விரிவதில்லை, பூசும்போது அந்த இடத்தில் கம்பி வலை வைத்திருக்க மாட்டார்கள்.

ஜன்னல் மூலையிலிருந்து சாய்வாக ஏறுவது, செங்கல் இணைப்புகளில் படிக்கட்டு மாதிரி ஏறுவது, இரண்டும் வேறு ரகம். ஒரு பக்க அஸ்திவாரம் இறங்கியிருக்கலாம். கோவைப் பக்கத்துக் கரிசல் மண்ணிலும் சென்னையின் களிமண் பகுதிகளிலும் மண் மழையில் ஊதும், கோடையில் சுருங்கும். அங்கே ஆழமில்லாத அஸ்திவாரத்தில் நிற்கும் சுவரில் இது அதிகம். ஒரு ரூபாய் நாணயம் நுழையும் அகலம் இருந்தால் இன்ஜினியர் பார்க்காமல் அட்வான்ஸ் கொடுக்காதீர்கள். பீம், தூண் என்றால் அவ்வளவுகூடத் தேவையில்லை. கான்கிரீட்டில் விரிசல் பொதுவாக 0.3 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்கிறது கான்கிரீட் வேலைக்கான இந்தியத் தர விதிநூல் ஐ.எஸ். 456. தூணுக்குப் பக்கத்தில் பீமில் சாய்வாக விரிசல் இருந்தால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

வளர்கிறதா என்று தெரிந்துகொள்ள விரிசலின் இரு முனையிலும் பென்சிலால் கோடு போட்டுத் தேதி எழுதிவைக்கலாம், குறுக்கே ஒரு மெல்லிய கண்ணாடித் துண்டை ஒட்டியும் வைக்கலாம். வாங்குகிறவருக்கு அதற்கு நேரம் இருக்காது. அப்போது விரிசலுக்குள் டார்ச் அடியுங்கள். தூசியும் பழைய பெயிண்டும் அடைந்திருந்தால் பழசு, நின்றுபோனது. உள்ளே சுத்தமாக இருந்தாலோ, பட்டி வைத்து மூடிய இடத்திலேயே மறுபடி விட்டிருந்தாலோ அது இன்னும் நகர்கிறது. திருவொற்றியூர் அரிவாக்குளத்தில் 2021 டிசம்பர் 27 அன்று குடியிருப்புக் கட்டடம் ஒன்று இடிந்து 24 வீடுகள் விழுந்தன. விரிசலைப் பார்த்து முன்கூட்டியே வெளியே வந்துவிட்டதால் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

"சீலிங்ல சிமெண்ட் பெயர்ந்து கம்பி தெரியுது. பூசிட்டா சரியாயிடும்னு ஓனர் சொல்றாரே?"

பூசினால் மறையும், சரியாகாது. கம்பி துருப்பிடிக்கும்போது இரும்பாக இருந்ததைப் போலப் பல மடங்கு இடத்தை அந்தத் துரு கேட்கும். உள்ளே இடம் கிடைக்காமல் கான்கிரீட்டைக் கீழே தள்ளிவிடும். மேலே எவ்வளவு பூசினாலும் துரு வளர்வது நிற்காது, இரண்டு மழையில் பூச்சும் சேர்ந்து விழும்.

சிட்லபாக்கத்தில் ஒரு வீடு. ஹாலின் நடுவில் ஒரு முறம் அகலத்துக்குத்தான் பெயர்ந்திருந்தது. ஸ்டூல் மேல் ஏறி அங்கிருந்து சுத்தியலால் மெதுவாகத் தட்டிக்கொண்டே போனேன். நல்ல இடத்தில் "டங்" என்று கெட்டியாகக் கேட்கும். இங்கே "டொப், டொப்" என்று பாதி ஹாலுக்குக் கேட்டது. தட்டியதில் உள்ளங்கை அளவு ஒரு வில்லை கையோடு வந்தது. திருப்பினால் அதன் முதுகில் கம்பி படுத்திருந்த பள்ளம் அப்படியே அச்சாக, செம்மண் நிறத்தில் இருந்தது. மேலே நிமிர்ந்து பார்த்தால் 8 மி.மீ. கம்பி ஏடு ஏடாக உரிந்து சில இடங்களில் பென்சில் முனை அளவுக்குத்தான் மிச்சம். வீட்டுக்காரர் அந்த ஒரு முறம் அளவைத்தான் பூசிக் கொடுப்பதாகச் சொல்லியிருந்தார்.

சரியான வேலை என்றால் தளர்ந்த கான்கிரீட்டை முழுக்கத் தட்டி எடுத்து, கம்பியைத் துரு போகத் தேய்த்து, தேய்ந்ததற்குப் பக்கத்தில் புதுக்கம்பி சேர்த்து, துருத்தடுப்புப் பூச்சு கொடுத்து, பாலிமர் கலந்த கலவையால் மூட வேண்டும். அதற்கு முன்பாக, மேலிருந்து இறங்கும் தண்ணீரை நிறுத்த வேண்டும். அதைச் செய்யாமல் மற்ற எதைச் செய்தும் பயன் இல்லை.

"இருபது வருஷ வீட்டுக்கே இப்படி ஆகுமா? எங்க தாத்தா வீடு அறுபது வருஷமா நிக்குதே."

ஆகும். கம்பிக்கும் வெளிப்பரப்புக்கும் நடுவில் இருக்கும் கான்கிரீட்டின் தடிமனைக் கவர் என்போம். மேலே சொன்ன விதிநூல் 2000-ஆம் ஆண்டுப் பதிப்பில் சாதாரண இடத்துக்கே 20 மி.மீ., கடலோரத்துக்கு 45 மி.மீ. கேட்கிறது. கம்பிக்கு அடியில் கவர் பிளாக் வைக்காமல் ஜல்லித் துண்டை வைத்து கான்கிரீட் போட்ட வீடுகளை நிறையப் பார்த்திருக்கிறேன். 10 மி.மீ. கூட இருக்காது.

இன்னொன்று, கட்டிய தண்ணீர். கம்பி போட்ட கான்கிரீட்டுக்கான தண்ணீரில் குளோரைடு லிட்டருக்கு 500 மி.கி.க்கு மேல் இருக்கக் கூடாது. கடற்கரைப் பக்கம் உப்பு போர் தண்ணீரில் கட்டிய வீட்டில் உப்பு உள்ளேயே இருக்கிறது, அதை எடுக்க வழியில்லை. அதனால் கட்டும்போது எந்தத் தண்ணீர், லாரியா போரா என்று விற்பவரைக் கேளுங்கள். பலர் உண்மையைச் சொல்லிவிடுவார்கள்.

"சுவர் அடியில பெயிண்ட் பொரிஞ்சு, உப்பு மாதிரி வெள்ளையா உதிருது. அது என்ன?"

ஓதம். மண்ணில் இருக்கும் ஈரம் செங்கல் வழியாக ஏறி, காயும்போது உப்பை வெளியே விட்டுப் போகிறது. அஸ்திவாரத்துக்கு மேலே ஈரத்தடுப்பு அடுக்கு போடாத வீடுகளில் மூன்றடி வரைகூட ஏறும். சுவரின் முழு நீளத்துக்கும் ஒரே உயரத்தில் கறை இருந்தால் ஓதம். ஓர் இடத்தில் மட்டும் திட்டாக இருந்து, பின்புறம் பாத்ரூம் இருந்தால் குழாய்க் கசிவு. குழாய்க் கசிவைச் சரிசெய்வது எளிது. ஓதத்துக்குச் சுவரைத் துளைத்து ரசாயனம் செலுத்துகிறார்கள். குறையும், முழுக்கப் போகும் என்று நான் உறுதி சொல்வதில்லை.

வாசலில் நின்று இன்னொன்றையும் பாருங்கள். தெருவிலிருந்து வீட்டுக்கு ஏறுகிறீர்களா, இறங்குகிறீர்களா? பழைய சாலையைச் சுரண்டாமலே மேலே மேலே தார் போட்டதில் புறநகரில் எத்தனையோ வீடுகள் தெருவை விடத் தாழ்ந்துபோய்விட்டன. அப்படிப்பட்ட வீட்டில் ஓதமும் மழைத்தண்ணீரும் சேர்ந்தே வரும்.

"மொட்டை மாடியில என்ன பார்க்கணும்?"

இரண்டு பக்கெட் தண்ணீர் ஊற்றி எங்கே ஓடுகிறது, எங்கே நிற்கிறது என்று பாருங்கள். ஊற்ற விடாவிட்டால் பாசி படிந்த, கறுத்த வட்டங்களைத் தேடுங்கள். தண்ணீர் நிற்பது அங்கேதான். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து சுருக்கி போட்டு மேலே தட்டோடு பதித்த மாடி என்றால் ஓடுகளுக்கு நடுவில் இருக்கும் இணைப்புகளையும், கைப்பிடிச் சுவர் தளத்தோடு சேரும் மூலையையும் பாருங்கள். கசிவு பெரும்பாலும் அந்த மூலையில்தான் தொடங்கும். பிறகு கீழே இறங்கி, தண்ணீர்த் தொட்டிக்கு நேர் கீழே இருக்கும் சீலிங்கைத் தட்டிப் பாருங்கள்.

சன்ஷேடில் அரசங்கன்று முளைத்திருக்கிறதா என்றும் கவனியுங்கள். கன்று சின்னதாக இருக்கும், வேர் எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று வெளியே தெரியாது.

"வெள்ளமெல்லாம் இங்க வராதுன்னு புரோக்கர் சத்தியம் பண்றார். நம்பலாமா?"

2015 டிசம்பரில் எங்கே நின்றது, 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலில் எங்கே நின்றது என்று ஆண்டைச் சொல்லிக் கேளுங்கள். புரோக்கரிடம் வேண்டாம். தெருமுனை இஸ்திரி வண்டிக்காரர், மளிகைக்கடைக்காரர், எதிர்வீட்டு அம்மா ஆகியோரிடம் கேளுங்கள். "இடுப்பளவு வந்துச்சுப்பா" என்று கையை வைத்தே காட்டுவார்கள். மதில் சுவரின் வெளிப்பக்கத்துக்குப் பெரும்பாலும் பெயிண்ட் அடிக்க மாட்டார்கள், கறைக்கோடு அங்கே இருக்கும். ஈ.பி. மீட்டர் பெட்டியைப் பிற்பாடு உயர்த்தி வைத்த தடம் தெரிந்தால் ஏன் என்று கேளுங்கள்.

வேளச்சேரி, முடிச்சூர், பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தைச் சுற்றிய பகுதிகள் மாதிரி இடங்களில் இந்தக் கேள்வியைக் கேட்காமல் வீட்டுக்குள்ளேயே போகாதீர்கள். மற்ற எந்தக் குறைக்கும் வைத்தியம் உண்டு, பள்ளத்தில் இருக்கும் மனையை யாராலும் மேட்டுக்கு மாற்ற முடியாது.

"கரையான் இருக்கான்னு எப்படித் தெரியும்?"

நிலை, ஜன்னல் சட்டம், லாஃப்ட் கதவு, சுவிட்ச் போர்டின் மரச்சட்டம் இவற்றின் அடிப்பாகத்தில் ஸ்க்ரூடிரைவரால் குத்துங்கள். மேலே பெயிண்ட் தோல் மட்டும் நின்று, முனை சட்டென்று உள்ளே போனால் தின்றுவிட்டது. சுவரில் பென்சில் தடிமனுக்கு மண்கோடு ஏறியிருந்தால் உயிரோடு இருக்கிறது. நிலையை மாற்றிக்கொள்ளலாம். ஆனால் தரை ஓரமாகத் துளையிட்டு மருந்து அடிக்காமல் மரத்தை மட்டும் மாற்றினால் புது மரத்துக்கும் வரும்.

"கரண்ட்டும் தண்ணியும் இருக்கு, அதுல பார்க்க என்ன இருக்கு?"

மெயின் பெட்டியைத் திறக்கச் சொல்லுங்கள். இன்னும் பீங்கான் ஃபியூஸ்தான் என்றால் வயரிங்கும் அந்தக் காலத்தது. முழுக்க மாற்றும் செலவைக் கணக்கில் வையுங்கள். கரண்ட் கசிந்தால் தானாக நிறுத்தும் ஆர்.சி.சி.பி. சுவிட்ச் இருந்தால் அதன் டெஸ்ட் பட்டனை அழுத்திப் பாருங்கள், உடனே விழ வேண்டும். ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ரகம் வேண்டும். எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனை வைத்துப் பார்ப்பது அரை மணி நேர வேலை.

போர் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து ஆய்வகத்தில் கொடுங்கள். கரைந்த உப்பு லிட்டருக்கு 500 மி.கி. வரை குடிக்க ஏற்றது, வேறு வழியில்லாவிட்டால் 2,000 வரை அனுமதி. போருக்கும் செப்டிக் டேங்குக்கும் நடுவே எத்தனை அடி என்று நடந்து அளந்து பாருங்கள். சின்ன மனையில் இரண்டும் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது நம் ஊரில் சாதாரணம், குடிக்கிறவர்களுக்கு அது ஆபத்து. மழைநீர்ச் சேகரிப்புத் தொட்டியைத் திறந்து பாருங்கள். 2003 முதல் கட்டாயம் என்பதால் குழாய் இருக்கும், பல வீடுகளில் தொட்டிக்குள் மண்தான் இருக்கும்.

"நாங்க வாங்கறது ஃப்ளாட். சுவர், மாடியெல்லாம் எங்களுக்கு எதுக்கு?"

உங்கள் கதவுக்குள் இருப்பதை மட்டும் வாங்கவில்லை, தூணிலும் மாடியிலும் உங்களுக்குப் பங்கு இருக்கிறது. கீழே கார் நிறுத்தும் இடத்துக்குப் போய்த் தூண்களின் அடிப்பாகத்தையும் தலைக்கு மேல் ஓடும் பீம்களையும் பாருங்கள். அங்கே பூச்சும் பெயிண்டும் குறைவு, கட்டடம் மறைக்காமல் பேசும். கீழ்த்தளத்து வீட்டு பாத்ரூம் சீலிங்கைக் காட்டச் சொல்லிக் கேளுங்கள். உங்கள் பாத்ரூம் ஒழுகுகிறதா என்பது அவர்களுக்குத்தான் தெரியும். சங்கத்தில் கடைசியாக எதற்காக வீட்டுக்கு வீடு பணம் கேட்டார்கள் என்றும் விசாரியுங்கள்.

ரெராவில் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தின் கீழ்) பதிவான கட்டடம் என்றால் ஒரு பாதுகாப்பு உண்டு. சாவி கொடுத்த நாளிலிருந்து 5 வருடத்துக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து எழுதிக் கொடுத்தால், 30 நாளுக்குள் பில்டர் தன் செலவில் சரிசெய்து தர வேண்டும் என்கிறது சட்டத்தின் 14-ஆம் பிரிவு.

"மயிலாப்பூர்ல மெட்ராஸ் டெரஸ் வீடு ஒண்ணு வருது. எல்லாரும் இடிச்சுடுங்கறாங்க."

அவசரப்படாதீர்கள். தேக்கு உத்திரங்களின் மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தாக அடுக்கி, சுண்ணாம்புக் காரையில் பிடித்து, மேலே சுருக்கி போட்ட கூரை அது. அதில் கம்பியே இல்லை, அதனால் மேலே சொன்ன துரு வியாதியும் இல்லை. பார்க்க வேண்டிய இடம் உத்திரம் சுவருக்குள் நுழையும் முனை. ஈரம் இறங்கினால் அங்கேதான் மக்கும். வெளியே தெரிகிற நீளம் கல் மாதிரி இருக்கும், முனை பஞ்சாகியிருக்கும். ஸ்க்ரூடிரைவரால் குத்திப் பாருங்கள். ஒன்றிரண்டு முனை போயிருந்தால் சேர்த்துக் கட்டத் தெரிந்த ஆட்கள் இன்னும் இருக்கிறார்கள். சிமெண்ட் போட்டுப் பூசிவிடாதீர்கள், சுண்ணாம்புச் சுவர் மூச்சுவிட முடியாமல் உள்ளேயே ஊறும். இந்த வீடுகள் மேல் எனக்குப் பிரியம் அதிகம், அதையும் தெரிந்துகொண்டு என் பேச்சை எடுத்துக்கொள்ளுங்கள்.

"தரைத்தளம் மட்டும் இருக்கு. வாங்கி மேல ஒரு மாடி எடுத்துடலாம்ல?"

தூண் இருக்கிறது என்பதாலேயே எடுக்க முடியாது. அஸ்திவாரம் எத்தனை மாடிக்கு என்று வரைபடத்தில் இருக்கும். வரைபடம் இல்லையென்றால் ஒரு தூணின் அடியைத் தோண்டிப் பார்க்க வேண்டும். மாடியில் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பதைக் காட்டி, "மேலே எடுக்கத்தான் விட்டிருக்கு" என்பார்கள். பல வருடம் மழையில் நனைந்த அந்தக் கம்பி துருப்பிடித்து, அந்த வழியாகத் தூணுக்குள்ளும் ஈரம் இறங்கியிருக்கலாம். மாடி எடுக்கலாம் என்ற நம்பிக்கையில் விலை பேசுகிறீர்கள் என்றால் முதலில் அஸ்திவாரத்தைப் பாருங்கள்.

"இன்ஜினியர் வந்து என்ன டெஸ்ட் எடுப்பார்? கண்ணால பார்த்தா போதாதா?"

பெரும்பாலான வீடுகளுக்குக் கண்ணும் சுத்தியலும் போதும். தூணிலோ பீமிலோ சந்தேகம் என்றால் ரீபவுண்டு ஹேமர் வைத்து மேற்பரப்பின் கடினத்தையும், மீயொலி அனுப்பி உள்ளே பொந்து இருக்கிறதா என்பதையும் பார்ப்பார்கள். ஒரு எச்சரிக்கை: பழைய கான்கிரீட்டின் மேல்தோல் காற்றுப்பட்டுக் கடினமாகியிருக்கும், அதனால் ஹேமர் அளவு உள்ளதை விட நன்றாகக் காட்டும். அந்த எண்ணை மட்டும் காட்டி "ஸ்ட்ராங்கா இருக்கு" என்றால் ஏற்காதீர்கள். ஆளை நீங்களே தேடுங்கள், புரோக்கர் கூட்டிவருகிற இன்ஜினியர் வேண்டாம். அறிக்கையை எழுத்தில், படங்களோடு வாங்குங்கள்.

"பேங்க்ல லோன் சாங்ஷன் ஆயிடுச்சு. அப்போ வீடு நல்லா இருக்குன்னுதானே அர்த்தம்?"

இல்லை. பேங்க் அனுப்பும் ஆள் சந்தை விலை, அளவு, அனுமதி வரைபடம், இன்னும் எத்தனை வருடம் நிற்கும் என்ற உத்தேசம் இவற்றைத்தான் பார்ப்பார். கடன் திரும்ப வருமா என்பது பேங்கின் கவலை. சீலிங்கைத் தட்டிப் பார்ப்பது அவர் வேலை இல்லை. 2014-இல் மவுலிவாக்கத்தில் இடிந்து 61 பேரைப் பலிகொண்ட 11 மாடிக் கட்டடம்கூட அனுமதி வாங்கிக் கட்டப்பட்டதுதான். காகிதம் சரியாக இருப்பது வேறு, கட்டடம் சரியாக இருப்பது வேறு.

"குறையெல்லாம் தெரிஞ்சுடுச்சு. விலையைக் குறைக்கச் சொல்லலாமா, விட்டுடலாமா?"

மாடிக் கசிவு, வயரிங், கரையான், பாத்ரூம், ஒரு அறை சீலிங் இவையெல்லாம் பணத்தால் தீரும். இரண்டு மேஸ்திரிகளிடம் செலவை எழுதி வாங்கி, அந்தக் காகிதத்தை வைத்துக்கொண்டு விலை பேசுங்கள். வெறும் வாயால் பேசினால் விற்பவர் இறங்க மாட்டார். தனி வீடு என்றால் நீங்கள் கொடுப்பதில் பெரும்பங்கு மனைக்குத்தான். கட்டடம் மோசம் என்றால் மனை விலையை மட்டும் பேசுங்கள். இன்னும் நகர்கிற அஸ்திவாரம், தூணில் துரு, வெள்ளம் நிற்கும் பள்ளம், இந்த மூன்றில் ஒன்று இருந்தாலும் என் தங்கையை வாங்க விடமாட்டேன்.

"அட்வான்ஸ் கொடுத்துட்டேன் அண்ணா. இப்பதான் இதெல்லாம் தெரியுது. என்ன பண்றது?"

பத்திரப் பதிவுக்கு இன்னும் நாள் இருக்கிறதல்லவா, அதுவரை நேரம் இருக்கிறது. இந்த வாரமே இன்ஜினியரைக் கூட்டிக்கொண்டு போங்கள். ஒப்பந்தத்தில் குறை தெரிந்தால் பணத்தைத் திருப்பித் தர வேண்டும் என்று ஏதாவது வரி இருக்கிறதா என்று வக்கீலிடம் காட்டுங்கள். வரி இல்லாவிட்டாலும் எழுத்தில் இருக்கும் அறிக்கையோடு விற்பவரிடம் உட்கார்ந்து பேசினால், பழுதுக்கான தொகையைக் கழித்துக்கொள்ளப் பலர் ஒப்புக்கொள்கிறார்கள். அடுத்த ஆளிடமும் இதே கேள்வி வரும் என்று அவர்களுக்கும் தெரியும். ஒத்துக்கொண்டதைப் பதிவுக்கு முன்பே எழுதிக் கையெழுத்து வாங்கிவிடுங்கள், பதிவுக்குப் பின் கேட்டால் போனை எடுக்க மாட்டார்கள்.